பனிக்காலத்துக்கு ஒரு சின்ன புராஜெக்ட்: டீ ஃபேக்டரிக்கு எது சரிப்படும்?

நீலகிரியில் இலை வாங்கித் தூள் தயாரிக்கும் ஃபேக்டரிக்காரருக்கு இரண்டு பக்க விலையும் அவர் கையில் இல்லை. பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் சராசரி விலை அறிவிக்கிறது; அதற்குக் குறையாமல் விவசாயிக்குக் கொடுத்தாக வேண்டும். தூளுக்குக் குன்னூர் ஏலத்தில் வாராவாரம் என்ன கேட்கிறார்களோ அதுதான் விலை. இந்த இரண்டுக்கும் நடுவில் மிஞ்சுவது ஃபேக்டரியின் நாலு சுவருக்குள் நடக்கிற வேலை. ஒரு கிலோ தூளுக்கு எவ்வளவு விறகு எரிகிறது, எவ்வளவு கரண்ட் ஓடுகிறது, எத்தனை ஆள் எத்தனை மணி நேரம் நிற்கிறார்கள், வந்த இலையில் எவ்வளவு நல்ல கிரேடாகப் போகிறது. லாபமோ நஷ்டமோ அங்கேதான் முடிவாகிறது.

அதைச் சரிசெய்ய ஆண்டில் ஒரு நேரம்தான் வாய்க்கிறது. உறைபனி விழ ஆரம்பித்தால் கொழுந்து கருகும், வரத்து குறையும். மார்ச் வரை பல ஃபேக்டரிகளில் ஒரு ஷிஃப்ட்தான் ஓடும், சில நாள் அதுவும் இருக்காது. கோடை மழை இரண்டு விழுந்து ஏப்ரல், மே வந்துவிட்டால் இலை வந்து குவியும். யாருக்கும் தலை நிமிர நேரம் இருக்காது. ஆக, உற்பத்தித் திறனைக் கூட்ட வேண்டும் என்று நினைக்கிற முதலாளிக்கு நிம்மதியாகக் கிடைப்பது எட்டு, பத்து வாரம்.

அந்த எட்டு வாரத்தை என்ன செய்வது என்று பேச்சு வந்தால் கோத்தகிரி, குன்னூர் பக்கம் நாலு யோசனை சொல்வார்கள். கடன் வாங்கிப் புது மெஷின் போடலாம். வெளியிலிருந்து ஓர் ஆலோசகரைக் கூப்பிடலாம். கோயம்புத்தூர் கல்லூரி மாணவர்களை புராஜெக்ட்டுக்கு வரவழைக்கலாம். அல்லது ஃபேக்டரியில் இருக்கிற ஆட்களே ஒரே ஒரு பிரச்சினையை எடுத்து ஏப்ரலுக்குள் முடிக்கலாம். நான் ஒரு ஃபேக்டரியில் கணக்குப் பார்க்கிறவன். எந்த யோசனையாக இருந்தாலும் அதற்கு ஆன செலவும் வந்த பலனும் கடைசியில் பேரேட்டில்தான் வந்து நிற்கும். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால், முதலில் செய்ய வேண்டியது நாலாவது. அதற்குத் துணையாக மூன்றாவது. இரண்டாவது, குறிப்பிட்ட சில வேலைக்கு மட்டும். முதலாவதை இந்த எட்டு வாரக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது.

மெஷினைச் சீக்கிரம் பேசி முடித்துவிடலாம். தூளை நிறம் பார்த்துப் பிரிக்கும் கலர் சார்ட்டரோ, தூளைக் காயவைக்கும் புது டிரையரோ வாங்க வேண்டுமானால் விலைப்புள்ளி வாங்குவது, வங்கியில் கடன், மின் வாரியத்தில் கூடுதல் லோடு, மலை ஏற்றிக் கொண்டுவருவது, கோயம்புத்தூரிலிருந்து ஆள் வந்து பொருத்துவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஜனவரியில் ஆரம்பித்தால் ஏப்ரலில் ஓடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பாதி பொருத்திய மெஷினோடு சீசனில் மாட்டிக்கொள்வது பெரிய ஆபத்து. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இலை சரியாக வாடாமல், அதாவது காற்றில் போதுமான அளவு ஈரம் குறையாமல், உள்ளே வந்தால், எந்தப் புது மெஷினும் அதே தூளைத்தான் கொடுக்கும். எந்த இடத்தில் அடைப்பு என்று எண்ணில் தெரியாமல் மெஷின் வாங்கினால், தவணை மட்டும் நிச்சயமாக வரும். வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு சீசன் அளந்து பார்த்த பிறகு வாங்குங்கள் என்கிறேன்.

சின்னச் சாமான்கள் இந்தக் கணக்கில் வராது. இலையைப் பரப்பிக் காற்று ஊதி வாடவைக்கும் நீளத் தொட்டியான ட்ரஃபின் விசிறிக்கு இரும்புத் தகட்டுக்குப் பதில் எடை குறைந்த ஃபைபர் இலைகள் போடுவது, விறகைச் சிறிதாகப் பிளந்து காயவைக்க ஒரு கொட்டகை போடுவது எல்லாம் ஓரிரு வாரத்தில் முடிகிற வேலை. ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு தேயிலை வாரியம் தென்னிந்தியச் சிறு ஃபேக்டரிகளில் ஆற்றல் சேமிப்புத் திட்டம் ஒன்றை நடத்தியது. இந்த வகைச் சின்ன மாற்றங்களைப் பற்றி இங்கே பலருக்குத் தெரிந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இவற்றை மெஷின் முதலீடாக நினைக்காமல், சொந்த ஆட்கள் செய்யும் புராஜெக்ட்டின் செலவாகவே எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து ஆலோசகர். நாமே தினமும் பார்த்துப் பழகிப்போனது வெளியாள் கண்ணுக்கு உடனே படும், அது உண்மை. பணமும் முன்பு போலப் பெரிய தடையில்லை. மத்திய அரசின் சிறு, குறு, நடுத்தர நிறுவனங்கள் அமைச்சகம் 2023இல் புதுப்பித்த, வீணாவதைக் குறைக்கக் கற்றுக்கொடுக்கும் லீன் திட்டத்தில் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என்று மூன்று படிகள் உண்டு. ஆலோசகருக்கான கட்டணத்தில் 90 சதவீதத்தை அரசே ஏற்கிறது. சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இருந்தால் விண்ணப்பிக்கலாம். 

ஆனால் இரண்டு விஷயத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, திருப்பூர் பனியன் கம்பெனியிலோ கோயம்புத்தூர் பம்ப் பட்டறையிலோ வேலை பார்த்துப் பழகியவருக்கு, மூலப்பொருள் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறிக்கொண்டே இருக்கிற தொழில் புதிது. துணியும் இரும்பும் குடோனில் காத்திருக்கும். பறித்த இலை காத்திருக்காது. சாக்குக்குள்ளேயே சூடேறிச் சிவந்துவிடும். இரண்டு, அவர் ஜனவரியில் வந்து அளக்கிற எண்கள் பாதி லோடில் ஓடுகிற ஃபேக்டரியின் எண்கள். அதை வைத்து எழுதிய அறிக்கை மே மாதத்துக்குப் பொருந்தாமல் போகலாம். அப்போது அவர் இங்கே இருக்க மாட்டார், அறிக்கை மட்டும் அலமாரியில் இருக்கும்.

ஆலோசகர் நிச்சயம் தேவைப்படும் இடமும் உண்டு. விறகு எரித்து டிரையருக்குச் சூடான காற்று தரும் ஹீட்டரின் புகைபோக்கியில் எவ்வளவு சூடு வீணாகப் போகிறது, எந்த மோட்டார் தேவைக்கு மேல் பெரியது என்பதையெல்லாம் கருவி இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கருவி எந்தச் சிறு ஃபேக்டரியிலும் இருக்காது. அதற்காக ஆள் கூப்பிடுங்கள், வேலையைக் குறித்துக் கொடுங்கள், தேதியைக் குறித்துக் கொடுங்கள். ‘மொத்தமாக வந்து பார்த்துச் சொல்லுங்கள்’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

மாணவர்கள் விஷயத்தில் பலரும் கவனிக்காத ஒன்று காலண்டர். பொறியியல் இறுதியாண்டு புராஜெக்ட் பெரும்பாலும் ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவில் நடக்கிறது. அது நம் ஆஃப் சீசனோடு அப்படியே பொருந்துகிறது. எம்பிஏ மாணவர்களின் கோடைப் பயிற்சி மே, ஜூனில் வரும். அப்போது அவர்கள் வந்தால் அவர்களுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். தூள் தயாரிப்பை முழுக்கப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கரிடம் போய் ஒரு கேள்வி கேட்கக்கூட முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே பொறியியல் மாணவர்களைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

அவர்களிடம் இருப்பதும் நம்மிடம் இல்லாததும் நேரம். ஒரு மெஷின் பக்கத்தில் நாள் முழுக்க நின்று எத்தனை முறை நின்றது, ஏன் நின்றது, எத்தனை நிமிஷம் என்று எழுத நம் ஆள் யாருக்கும் ஓய்வு கிடையாது. மாணவர் எழுதுவார். ஆனால் தலைப்பை அவர்களிடமே விட்டுவிட்டால் சென்சார், மொபைல் செயலி என்று கல்லூரியில் மதிப்பெண் வாங்கும் பக்கமாகப் போய்விடும். அது அவர்கள் தேவை, குற்றம் சொல்வதற்கில்லை. தலைப்பை நாம் கொடுக்க வேண்டும். அளக்கிற வேலையை அவர்களிடமும், மாற்றுகிற வேலையை நம் ஆட்களிடமும் வைத்துக்கொள்ள வேண்டும். அப்புறம், தங்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, ஜனவரிக் குளிருக்குக் கம்பளி, கையில் கொஞ்சம் பணம். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தானே, தினமும் வந்துபோகட்டும் என்று விட்டுவிட்டால், முக்கியமான இரவு ஷிஃப்ட்டை அவர்கள் பார்க்கவே மாட்டார்கள்.

இனி நாலாவது. இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் ‘நம்ம ஆளுங்களே செஞ்சுக்கலாம்’ என்று சொல்லி எதுவும் செய்யாமல் விடுவதும் இதே பெயரில்தான் நடக்கிறது.

விறகுச் செலவை எடுத்துக்கொள்வோம். சீசனில் விறகு லோடு கூடிக்கொண்டே போகிறது என்று கேட்டால் எல்லோரும் ஹீட்டரைத்தான் பார்ப்பார்கள். ஹீட்டரில் நிற்கும் ஃபயர்மேனைக் கேட்டுப் பாருங்கள். எங்களிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: “சார், எலை ஈரமா வந்தா நான் என்ன பண்றது? வெறகத்தான் தள்ளணும்.” முழு விஷயமும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. 

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பறித்து வந்த இலையில் 78 சதவீதம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், 100 கிலோவில் 22 கிலோதான் திடப்பொருள். அதை 70 சதவீத ஈரம்வரை வாடவிட்டால் எடை சுமார் 73 கிலோவாகும். அவசரத்தில் 73 சதவீத ஈரத்திலேயே இறக்கிவிட்டால் எடை 81 கிலோவுக்கு மேல் நிற்கும். டிரையரிலிருந்து 3 சதவீத ஈரத்தோடு வெளியே வரும் தூள் இரண்டு விதத்திலும் 22.7 கிலோதான். அப்படியானால் டிரையர் விரட்ட வேண்டிய தண்ணீர் முதல் விதத்தில் 51 கிலோ, இரண்டாவதில் 59 கிலோ. வாடலில் விட்ட மூன்று புள்ளி, டிரையரில் ஆறில் ஒரு பங்கு கூடுதல் வேலையாக வந்து நிற்கிறது. நாளுக்கு 10,000 கிலோ இலை வாங்கும் ஃபேக்டரி என்றால், தினமும் சுமார் 800 லிட்டர் தண்ணீரை விசிறிக் காற்றில் போகவிடாமல் விறகு கொடுத்து விரட்டுகிறோம் என்று அர்த்தம்.

அனுபவமுள்ள டீ மேக்கருக்கு இது கைக்கே தெரியும். ஒரு பிடி இலையை எடுத்து இறுக்கி உருட்டிவிட்டுக் கையை விரிப்பார். உருண்டை சட்டென்று விரிந்துகொண்டால் இன்னும் வாடவில்லை. மெல்ல, தயங்கி விரிந்தால் இறக்கலாம். ஆனால் அவர் தூங்கப்போன இரவு இரண்டு மணிக்கு ட்ரஃபை இறக்குவது வேறொருவர். அவருக்கு அந்தக் கை இல்லை. இங்கேதான் எட்டு வார புராஜெக்ட் ஒன்று தானாகக் கிடைக்கிறது.

செய்ய வேண்டியது மிக எளிது. ஒரு வலைப்பையில் 10 கிலோ இலையை நிறுத்துப் போட்டு, ட்ரஃபில் மற்ற இலைகளுக்கு நடுவே அதே கனத்தில் பரப்பி வைக்க வேண்டும். இறக்குவதற்கு முன் பையை எடுத்துத் தராசில் வைத்தால் 7.3 கிலோவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். எட்டுக் கிலோ காட்டினால் இன்னும் விசிறி ஓட வேண்டும். சுவரில் ஒரு கரும்பலகை. ட்ரஃப் எண், ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், பையின் எடை, இறக்கியவர் பெயர். பக்கத்திலேயே அன்றைய விறகு எடையும் அன்றைய தூள் எடையும். முதல் இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுத மட்டும் செய்ய வேண்டும். எந்த ட்ரஃப் எப்போதும் பின்தங்குகிறது என்று அதற்குள் தெரிந்துவிடும். ஒன்றில் வலை அடைத்திருக்கும், ஒன்றில் விசிறி பெல்ட் தளர்ந்திருக்கும், இன்னொன்றில் கதவுச் சந்து வழியே காற்று வெளியே போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாகச் சரிசெய்யலாம். இதற்குத் தேவையான மொத்தச் சாமானும் மேட்டுப்பாளையத்திலேயே கிடைக்கும்.

ஒரு கட்டுப்பாடு உண்டு. மழை நாளில் வரும் இலையின் மேல் ஒட்டியிருக்கும் தண்ணீரையும் சேர்த்துத்தான் 10 கிலோ காட்டும். அன்று 7.3 என்ற எண்ணை அப்படியே பிடித்துக்கொண்டால் இலை வாடாமலே வாடியதாகத் தோன்றும். மழைக்குத் தனி எண் வேண்டும். அதை டீ மேக்கர்தான் தன் கையால் பார்த்துச் சொல்ல வேண்டும். எந்த ஆலோசகராலும் சொல்ல முடியாது.

இன்னொரு நல்ல தலைப்பு, வாடிய இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் பல் வைத்த உருளையான சிடிசி ரோலரை மாற்றுவது. பல் மழுங்கிய ரோலரை எடுத்துத் தீட்டிய ரோலரைப் போடும்வரை லைன் நிற்கும். சீசனில் லைன் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் மேலே வாடவைக்கும் மாடியில் இலை காத்திருக்கும். 1969இல் டொயோட்டாவில் ஆயிரம் டன் பிரஸ் ஒன்றின் அச்சை மாற்ற நாலு மணி நேரம் ஆனது. ஷிகேயோ ஷிங்கோ என்ற பொறியாளர் அதை ஆறு மாதத்தில் 90 நிமிஷத்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த மூன்று மாதத்தில் மூன்று நிமிஷத்துக்கு. புது பிரஸ் எதுவும் வாங்கவில்லை. மெஷின் ஓடும்போதே செய்துவைக்கக்கூடிய வேலை எது, நிறுத்தினால்தான் செய்ய முடிகிற வேலை எது என்று பிரித்தார். நம் லைனுக்கும் அதுவே பொருந்தும். ஸ்பேனர், செயின் பிளாக், பேரிங், தீட்டிய ரோலர் எல்லாம் பக்கத்தில் தயாராக இருக்கிறதா, அல்லது லைனை நிறுத்திய பிறகு ஸ்டோர் சாவியைத் தேடுகிறோமா? நம்மால் மூன்று நிமிஷம் முடியாது. பாதியாகக் குறைந்தால்கூட மே மாதத்தில் அது எத்தனை இலை என்று பெருக்கிப் பார்க்கலாம். ஆஃப் சீசனில் ரோலரைப் பழகிப் பழகி மாற்றிப் பார்க்க நேரமும் இருக்கிறது.

இதற்கு ஆகும் பணம் குறைவு என்றாலும் செலவே இல்லை என்று நினைப்பது தவறு. டீ மேக்கரின் நேரம் போகிறது. ஆட்கள் மீட்டிங்கில் உட்காரும் நேரத்துக்கும் கூலி கொடுக்க வேண்டும். ஆஃப் சீசனில் வேலை நாள் குறைந்து கையில் காசு குறைவாக இருக்கும் நேரம் அது. ‘சும்மா வந்து உதவி பண்ணுங்க’ என்று கூப்பிடுவது நியாயமில்லை. புராஜெக்ட் நாளை முழுக்கூலி நாளாகவே எழுத வேண்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் பயம். உற்பத்தித் திறன் என்ற பேச்சை முதலாளி எடுத்தாலே சலிக்கும் இடத்திலும் பேக்கிங்கிலும் நிற்கும் பெண்களுக்கு மனதில் ஓடுவது, அடுத்த மாதம் நம்மில் யாரை நிறுத்தப் போகிறார்கள் என்பதுதான். அந்தப் பயம் இருக்கும்வரை கரும்பலகையில் உண்மையான எண் விழாது. பை எட்டுக் கிலோ காட்டினாலும் 7.3 என்றே எழுதுவார்கள், எழுதத்தான் செய்வார்கள். இந்த புராஜெக்ட்டால் யாருக்கும் வேலை போகாது என்று முதல் நாளே, எல்லோர் முன்னாலும், முதலாளி தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னதைக் காப்பாற்றவும் வேண்டும். தப்பான எண் எழுதியவரைத் திட்டலாம். மோசமான எண் எழுதியவரைத் திட்டவே கூடாது. மிச்சமான விறகில் ஒரு பங்கு ஷிஃப்ட் ஆட்களுக்கு என்று எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்தச் செலவை ஒரு கணக்காளனாக நான் மனமாரப் பாஸ் செய்வேன்.

நாலு வழியையும் பொதுவாக ஒரு கேள்வியால் சோதிக்கலாம்: மே இரண்டாவது வாரத்தில், மூன்று ஷிஃப்ட் ஓடும்போது, இதில் என்ன மிஞ்சியிருக்கும்? ஜனவரியில் ட்ரஃபில் பாதி இலைதான் இருக்கும். எதைச் செய்தாலும் நன்றாக வாடும். அந்த எண்ணைப் பார்த்து புராஜெக்ட் வெற்றி என்று அறிவித்துவிட்டால் ஏமாந்துபோவோம். எட்டு வாரத்தில் வேலையை முடித்துவிட்டு, தீர்ப்பை மட்டும் மே மாதத்துக்குத் தள்ளி வைக்க வேண்டும். ஆலோசகர் என்றால் கடைசித் தவணைப் பணத்தை மே மாத எண்ணோடு கட்டிவைக்க ஒப்புக்கொள்கிறாரா என்று கேளுங்கள். ஒப்புக்கொள்கிறவர் நல்ல ஆலோசகர். மாணவர்கள் ஏப்ரலில் கிளம்பிவிடுவார்கள். அவர்கள் எழுதிய அட்டவணையை யார் தொடர்ந்து நிரப்புவது என்று மார்ச்சிலேயே ஒரு பெயர் முடிவாக வேண்டும். சொந்த ஆட்களின் வழிக்கு இருக்கும் பெரிய பலமே இதுதான். ஜனவரியில் பையை நிறுத்தவரும் மே மாதத்தில் நிறுப்பவரும் ஒரே ஆள்.

மலையில் எல்லாத் தொழிலுக்கும் இதே காலண்டர் என்று நினைக்க வேண்டாம். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ லாட்ஜ் நடத்துகிறவருக்கு ஏப்ரல், மே நெரிசல், தென்மேற்கு மழையில் ஓய்வு. சின்ன புராஜெக்ட்டுக்கு அவருக்கு ஜூலை, ஆகஸ்ட் சரிப்படும். 2024 மே மாதம் இ-பாஸ் வந்த பிறகு, 2025 ஏப்ரலிலிருந்து சீசனில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்றும் கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. கூட்டத்தை நம்பி வியாபாரத்தைப் பெருக்குவது அவர்களுக்குக் கடினமாகிவிட்டது. வருகிற விருந்தினருக்கு அறையை எவ்வளவு சீக்கிரம் தயார் செய்கிறோம், வெந்நீருக்கு எவ்வளவு கரண்ட் போகிறது என்று உள்ளே பார்க்க வேண்டிய நிலைமை அங்கேயும் வந்திருக்கிறது. அங்கேயும் ரூம் பாயையும் ஹவுஸ்கீப்பிங் அக்காவையும் முதலில் கேட்பதுதான் சரி என்பேன்.

சரி, எதை எப்போது செய்வது? டிசம்பரிலேயே கோயம்புத்தூர் கல்லூரி ஒன்றின் மெக்கானிக்கல் துறைக்கு ஃபோன் போட்டு, தலைப்பை ஒரு வரியில் சொல்லி இரண்டு மாணவர்களைக் கேளுங்கள். ஜனவரி முதல் இரண்டு வாரம் அளப்பது மட்டும். பொங்கலுக்குப் பிறகு சரிசெய்கிற வேலை. பிப்ரவரி கடைசிக்குள் முடியாதது எதுவாக இருந்தாலும் அடுத்த பனிக்காலத்துக்குத் தள்ளிவிடுங்கள், இழுத்துக்கொண்டு போகாதீர்கள். வாடலும் விறகும் ஓரளவு கைக்குள் வந்த பிறகு, மிச்சம் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால், லீன் திட்டத்தில் விண்ணப்பித்து ஆலோசகரை அழையுங்கள். அப்போது அவரிடம் காட்ட உங்கள் கையில் ஒரு சீசனின் எண்கள் இருக்கும். மெஷின் வாங்குவதும் அந்த எண்களைப் பார்த்த பிறகு.

இந்த வரிசை எல்லா ஃபேக்டரிக்கும் பொருந்தாது. சீசனுக்கு ஒரு டீ மேக்கர் மாறுகிற ஃபேக்டரியில் சொந்த ஆட்களின் புராஜெக்ட் நிற்காது. எண்ணைக் காப்பாற்ற அங்கே ஆளே இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் பனிக்கால மூன்று மாதத்தையும், கையில் இருக்கும் பணத்தையும், ஒரு நல்ல டீ மேக்கரைத் தேடி, அவர் கேட்கும் சம்பளத்தைக் கொடுத்து, குடும்பத்தோடு தங்க ஒரு வீடும் பார்த்துக் கொடுத்து உட்காரவைப்பதில் செலவழியுங்கள். வலைப்பையும் தராசும் அடுத்த ஜனவரிக்கு வாங்கிக்கொள்ளலாம்.